இருநூற்றுப் பதினான்காம் எண்காரர்

லோகநாதனை எனக்கு முதலில் ஓர் எண்ணாகத்தான் தெரியும். எங்கள் ஆய்வில் யாருடைய பெயரையும் கேட்கக் கூடாது. துறைமுகத்துக்குச் சரக்குப் பெட்டி ஏற்றிப் போகும் டிரைலர் ஓட்டுநர்களிடம் குடி, வலி மாத்திரை, ஊசி, பாதுகாப்பில்லாத உடலுறவு எல்லாம் எப்படிச் சேர்ந்தே வருகின்றன என்று கண்டறிவதற்காக ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய ஆய்வு அது. நான் அதில் கேள்வி கேட்பவன். சமூகப்பணியில் முதுகலை முடித்து ஒரு வருடம் சும்மா இருந்த பிறகு கிடைத்த வேலை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். வியாசர்பாடியில் எங்கள் குடியிருப்பில் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால் அம்மா, "ஆஸ்பத்திரி வேல" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவார்.

எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு பங்க்சர் கடைக்குப் பக்கத்தில் எங்கள் வேன் நிற்கும். டிரைலர் வரிசை சில நாட்களில் அதையும் தாண்டிப் போகும். உள்ளே இரண்டு நாற்காலி, ஒரு தடுப்புத் துணி. கேள்விகள் முடிந்ததும் வெளியே பந்தலின் கீழ் விரல் நுனியில் குத்தி, எண் எழுதிய காகித அட்டையில் நான்கு சொட்டு ரத்தம் எடுத்து உலர வைப்பார்கள். பத்து நாளில் முடிவு வரும். வந்தவர்களுக்கு ஒரு துண்டும் சோப்பும் தருவோம்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை 214 வந்து உட்கார்ந்தார். நாற்பத்து மூன்று வயது. வெள்ளைச் சட்டை, காலரில் கரித்தூசு. முப்பது கேள்விகளுக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். முப்பத்தொன்றாவது கேள்வி, கடந்த மூன்று மாதத்தில் குடித்துவிட்டு ஆணுறை இல்லாமல் எத்தனை முறை என்பது.

"இன்னா தம்பி, எடுத்த எடுப்புல கோலு போடற?"

"இது முப்பத்தொண்ணாவது கேள்விண்ணே."

"மத்த முப்பதும் வார்ம் அப்பு. உனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லண்ணே."

"பாவம். கேள்வி மட்டும் கேட்டுனே போயிடுவ போல."

பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "குடிச்சா எவன் தம்பி போடறான். ஆறு வாட்டி இருக்கும். ஏழும் இருக்கும்."

ஊசி போட்டதுண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். அப்படியே குறித்துக்கொண்டேன்.

கேள்விகளுக்கு நடுவே அவர் வாழ்க்கையும் வந்துகொண்டிருந்தது. அதற்கு என் கைக்கணினியில் இடமில்லை. பிறந்தது திருவொற்றியூரில், கடலுக்கு நாலு தெரு தள்ளி. பதினாறு வயதில் தாது மண் லாரியில் கிளீனராக ஏறியவர். மனைவி சொக்கம்மாள் இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை செய்கிறார். ஒரு மகள், பத்தாவது. வாரத்தில் ஐந்து நாள் அவர் வீடு டிரைலர்தான். வண்டிக்கு அடியில் அடுப்பு வைத்துச் சமைப்பார்கள். வரிசை எப்போது நகரும் என்று தெரியாது, அதனால் தூங்க முடியாது. விழித்திருக்க ஒரு மாத்திரை. இறக்கிவிட்டு வந்தால் உடம்பு தூக்கத்தை மறந்திருக்கும். அதற்குக் குடி. குடித்தால் சாலையோர வேலிகாத்தான் புதருக்கு வரும் பெண்களிடம் போவது. "அங்க போய் அழுதுட்டுக் கூட வந்திருக்கேன் தம்பி. அத்த எந்தக் கேள்வில எழுதுவ?"

எந்தக் கேள்வியிலும் எழுத முடியவில்லை.

அப்போது முன்னால் ஹாரன் அடித்தது. வரிசை நகர்கிறது. ஓட்டுநர் இல்லாமல் ஒரு வண்டி நகராமல் நின்றால் பின்னால் இருப்பவன் முந்திவிடுவான். அரை நாள் போய்விடும். அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. பக்கத்து வண்டிக்காரர் இரண்டு வண்டியையும் நகர்த்துவார். மற்றவர் எங்கே எதற்காகக் காத்திருந்தாலும் இவருக்கும் சேர்த்து நிற்பார். தண்ணீர் லாரியிலும், நுழைவுச் சீட்டு வாங்கும் ஜன்னலிலும், சோற்றுக் கடையிலும் அப்படித்தான். முறை வந்துவிட்டால் நிற்பவர் அந்த வேலையை முடித்துவிட வேண்டும், விட்டுவிடக் கூடாது. அது அவர்களுக்குள் எழுதாத சட்டம்.

லோகநாதனின் வண்டிக்குப் பின்னால் நின்றது அன்பரசனின் வண்டி. இருபத்தொன்பது வயது, அதே சந்தில் குடியிருப்பவன். அவன் எண் 215. இருவரும் சேர்ந்து வந்து எண் வாங்கியவர்கள்; அவனிடம் நான் முன்பே கேள்வி முடித்துப் பந்தலில் உட்கார வைத்திருந்தேன். லோகநாதன் தன் அட்டையை அவன் கையில் திணித்துவிட்டு, "அன்பு, என் எடத்துல குந்து, ரெண்டையும் இஸ்து வுட்டுட்டு வரேன்" என்று ஓடினார். நான் பார்த்தேன். பதில் சொல்லி முடித்தவரை ரத்த மேசை வரைக்கும் கூடவே அழைத்துப் போய் உட்கார வைக்க வேண்டும் என்பது எங்கள் விதி. இடம் பிடித்துக்கொள்கிறான், லோகநாதன் வந்துவிடுவார் என்று நினைத்தேன். அடுத்தவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து 214-இன் முடிவு வந்தது. முதல் சோதனையில் எச்.ஐ.வி. கிருமி இருப்பதாகக் காட்டுகிறது, உறுதி செய்ய வேண்டும். 215-க்கு இல்லை.

அன்பரசன் முதலில் வந்தான். சீட்டைக் கொடுத்தேன். படித்துவிட்டு அதற்கு முத்தம் கொடுத்தான். "ஷாலுக்கு எட்டு மாசம் வாத்தியாரே. அவகிட்ட காட்டணும். இனிமே ஒழுங்கா இருப்பேன், பாரு." ஷாலு அவன் மனைவி. சீட்டைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு போனான்.

லோகநாதன் மதியம் வந்தார். பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி மெதுவாக, கண்ணைப் பார்த்துச் சொன்னேன். இது முடிவான முடிவல்ல, அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும், இருந்தாலும் மருந்து இலவசம், நன்றாக வாழலாம். அவர் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை.

"ரெண்டு வருசமா இத்த எதிர்பாத்துனு இருந்தேன் தம்பி" என்றார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

உறுதியாகும் வரை வீட்டில் பேச வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு முறை சொன்னேன், இரண்டாவது முறை சொல்லவில்லை. அன்று மாலையே அவர் சொக்கம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். புதர், பெண்கள், மாத்திரை, வருடக் கணக்கு உட்பட. அந்த அம்மாள் கத்தவில்லையாம். "பதினேழு வருசமா உன்ன ஒண்ணும் கேக்கல. வூட்டுக்கு வந்தா போதும்னு இருந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு மீஞ்சூரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். போவதற்கு முன் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். அது போதும். இரண்டு நாளில் சந்து முழுக்க, மூன்றாம் நாள் டிரைலர் வரிசை முழுக்கத் தெரிந்துவிட்டது. வண்டி முதலாளி, "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு லோகு" என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

சொக்கம்மாள் தனியாகப் போய் ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொண்டாராம். அவருக்கு இல்லை. அதை மச்சான் போனில் சொல்லிவிட்டு உடனே வைத்துவிட்டார் என்றார் லோகநாதன்.

நம்பிக்கை மையத்துக்கு அவரை நானே அழைத்துப் போனேன். வழியில் ஷேர் ஆட்டோவில் அவர் சொன்னார்: "நேத்து மத்தியானம் கடலோரம் போட்ட கல்லு மேல போய் நின்னேன் தம்பி. குதிச்சுடலாம்னு. வெயிலு கால சுட்டுச்சு. எறங்கி வந்துட்டேன்." ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மையத்தில் ஆலோசகர் அவரிடம் சொன்னார். கிருமி இல்லை.

எனக்கு முதலில் சந்தோஷம். அரை நிமிடம்கூட நீடிக்கவில்லை. லோகநாதன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார வைத்துக் கேட்டேன்.

"அண்ணே, ரத்தம் எடுத்த அன்னிக்கு உங்க அட்டை உங்க கையிலயா இருந்துச்சு?"

"இல்ல. அன்புகிட்ட குடுத்துட்டு ஓடனேன்ல. நான் வர்றதுக்குள்ள என் நம்பரக் கூப்ட்டானுங்க. அவன் குந்தி முடிச்சுட்டான். திரும்ப வரிசை நவுந்துச்சு, அவன் அட்டைய என்கிட்ட குடுத்துட்டு ஓடனான். அவன் நம்பரக் கூப்ட்டானுங்க, நான் நீட்டனேன்." விரலைப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் முடிஞ்சிதுன்னு..."

அத்துடன் நிறுத்திக்கொண்டார். அவருக்கும் புரிந்துவிட்டது. வெளியூரில் படித்து வந்தவன் யாராவது என் இடத்தில் இருந்திருந்தால், வேறோர் ஆள் உட்கார்வதைப் பார்த்து, யார் நீ என்று கேட்டிருப்பான். நான் இந்தப் பக்கத்துப் பையன். இடம் பிடித்து உட்கார்வது எனக்கு இயல்பாகப் பட்டது. அதனால்தான் தவறு நடந்தது என்று இன்றும் நினைக்கிறேன். அல்லது அது வெறும் சோம்பேறித்தனமா? இன்னும் தெளிவில்லை.

அன்பரசனின் பையில் இருந்த சீட்டு லோகநாதனுடைய ரத்தத்தின் சீட்டு. ஷாலுவுக்குப் பிரசவத்துக்கு நாலைந்து வாரம் இருந்தது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் எடுத்த சோதனையில் அவளுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அதன் பிறகு வந்திருக்கலாம். உடனே தெரிந்தால், மருந்து தொடங்கினால், பிள்ளைக்குப் போகாமல் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். தெரியாவிட்டால் முடியாது.

அலுவலகத்தில் எங்கள் திட்ட மேலாளர் தேவப்பிரியம் மேடத்திடம் சொன்னேன். தூத்துக்குடிக்காரர், நிதானமானவர். முழுதும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ரெண்டு பதிவும் செல்லாது பாரி. நீக்கிருங்க. நெறிமுறைக் குழுவுக்கு நான் எழுதுறேன், தப்பு என் பொறுப்புலன்னே எழுதுறேன்."

"அந்த ஆளு, மேடம்?"

"மறுபடி ரத்தம் குடுக்க வரச் சொல்லி மூணு தடவை போன் பண்ணுங்க. போன்ல முடிவச் சொல்லக் கூடாது. வரலைன்னா, வரலைன்னு குறிச்சு வைங்க."

"அவர் மனைவி எட்டு மாசம்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "எனக்கும் மனசு இருக்கு பாரி. அவர் சம்மதம் இல்லாம நாம அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது. அதுதான் சட்டம். அது இல்லைன்னா ஒருத்தரும் நம்ம வேன்ல ஏறவே மாட்டாங்க."

அது சரிதான் என்று எனக்குத் தெரிந்தது. சரியாக இருப்பது எதற்கும் உதவவில்லை என்பதும் தெரிந்தது.

முதல் தடவை அன்பரசன் எடுத்தான். "இன்னா வாத்தியாரே, இல்லன்னு நீதானே சீட்டு குடுத்த? இப்ப திரும்ப வான்ற. பிசினஸா?" சீட்டில் ஒரு குழப்பம் என்று சொல்வதற்குள் வைத்துவிட்டான். இரண்டாவது தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை என் எண்ணைத் தடுத்திருந்தான். மூன்றையும் குறித்து வைத்தேன்.

லோகநாதன் தானே போனார். காட்டுப்பள்ளியில் டிரைலர் நிறுத்தத்தில் அன்பரசனைப் பிடித்து உண்மையைச் சொல்லியிருக்கிறார். எனக்கு இல்லை, அன்று நாம் மாறி உட்கார்ந்தோம், உனக்குத்தான் என்று. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். அன்பரசன் சீட்டை எடுத்து நீட்டி, "உன் கலீஜ என் தலையில கொட்டறியா மாமு?" என்று சட்டையைப் பிடித்திருக்கிறான். மறுநாள் காலை என்னைப் பார்க்க வந்தபோது அவர் சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை.

"நம்ப மாட்றான் தம்பி. எனக்குன்னு ஊரே முடிவு பண்ணிடுச்சு. இப்ப நான் போயி இல்லன்னா எவன் நம்புவான்?"

"மையத்துல குடுத்த சீட்டக் காட்டுனீங்களா?"

"காட்டல." பொத்தானில்லாத சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "உன்கிட்ட ஒரு பொய் சொல்லிக்கீறேன். ஊசி கேட்டல்ல. போட்டுக்கீறேன். நானும் அன்புவும். மாத்திரைய கரைச்சு. ரத்தம் குடுத்தோம்ல, அதுக்கு அடுத்த ஞாயித்துக்கெழம கூட. ஒரே ஊசிதான்."

"அண்ணே, அப்படின்னா உங்க சோதனையும் முழுசா நம்ப முடியாது. புதுசா வந்திருந்தா இப்பத் தெரியாது. மூணு மாசம் கழிச்சு மறுபடி பாக்கணும். இப்பவே ஆலோசகர்கிட்ட சொல்லணும்."

"சொல்றேன். அத்த வுடு. நான் சொல்றத கேளு." மையத்துச் சீட்டை எடுத்தார். நான்காக மடித்து என் கையில் வைத்தார். "இத்த நீயே வெச்சுக்க. எனக்கு இருக்குது. புரியுதா? எனக்குத்தான் இருக்குது."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அன்பரசன் தன் சீட்டை நம்புகிறான். நம்பட்டும். ஆனால் அந்தச் சீட்டுக்கான ரத்தம் எடுத்த பிறகு, லோகநாதனோடு ஒரே ஊசி போட்டிருக்கிறான். லோகநாதனுக்கு இருக்கிறது என்றால், அவன் பயந்தே தீர வேண்டும்.

"அக்காகிட்டயாவது உங்களுக்கு இல்லன்னு சொல்லுங்கண்ணே."

"சொக்கு வாயில தங்காது. ஷாலு காதுக்குப் போவும், அங்கேர்ந்து அவனுக்குப் போவும். அவன் நின்னுடுவான். அந்தப் புள்ள பொறக்கட்டும், பாத்துக்கலாம்."

மறுநாள் காலை பதினொரு மணிக்குக் காட்டுப்பள்ளி சாலையில் ஒரு டீக்கடையில் அவர்கள் பேசினார்கள். நான் கூடப் போயிருந்தேன். அன்பரசன் எங்களைப் பார்த்ததும் எழுந்தான்.

"திரும்ப இன்னா மாமு? கூட சாட்சி வேறயா?"

"குந்து. அன்னிக்குச் சொன்னது பொய். எனக்குத்தான் இருக்குது. பயத்துல உன் மேல தள்ளிட்டேன். மன்னிச்சுக்க."

அன்பரசன் சிரிக்கப் பார்த்தான்.

"ஆனா அந்த ஞாயித்துக்கெழம," என்றார் லோகநாதன். "நான் போட்டுட்டுத்தான் உனுக்குக் குடுத்தேன்."

அன்பரசன் பையைத் தொட்டுப் பார்த்தான். சீட்டில் இருந்த ரத்தம் எடுத்த தேதியிலிருந்து நாட்களை அவன் மனதில் எண்ணுவது முகத்தில் தெரிந்தது. பிறகு என்னிடம் திரும்பினான்.

"நீ சொல்லு வாத்தியாரே. இவனுக்கு இருக்குதா இல்லியா?"

"ஒருத்தரோட முடிவை இன்னொருத்தர்கிட்ட நான் சொல்லக் கூடாதுண்ணே" என்றேன்.

எங்கள் பயிற்சியில் முதல் நாள் சொல்லிக் கொடுத்த வாக்கியம். எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதை அவன் எப்படி எடுத்துக்கொள்வான் என்று தெரிந்தேதான் சொன்னேன். அவன் முகம் வெளிறியது. ஒரு ஆளை ஏமாற்றிப் பரிசோதனைக்கு அனுப்புகிறவன் எதற்குப் படித்தான் என்று அந்த இடத்திலேயே எனக்குத் தோன்றியது. வேறு வழி இருந்ததா என்று இன்றைக்கும் தேடுகிறேன்.

மூன்றாம் நாள் அன்பரசன் மையத்துக்குப் போனான். லோகநாதன் வாசலில் இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் காத்திருந்தார். நானும் நின்றேன். ஒரு மணி நேரம் கழித்து அன்பரசன் வெளியே வந்தான். எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. நேராக வந்து லோகநாதனின் முகத்தில் குத்தினான். அவர் இளநீர்க் குவியல் மேல் சாய்ந்தார்.

"என் புள்ளைய கொன்னுட்டியேடா! பொறக்கறதுக்கு முன்னாடியே கொன்னுட்டியே!"

நான் நடுவில் போனேன். லோகநாதன் என்னைத் தள்ளினார். உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது.

"அடி நைனா. எம்மாம் வேணா அடி. அடிச்சு முடிச்சுட்டு ஷாலுவ கூட்டினு வா. மருந்து கீதாம். புள்ளைக்கு வராம பண்ணிடலாமாம். இன்னிக்கே கூட்டினு வா."

"அவகிட்ட இன்னாடா சொல்லுவேன்?"

"என்னாலன்னு சொல்லு."

அன்பரசன் நடைபாதையில் குந்தி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். பிறகு எழுந்து பேருந்து நிறுத்தத்துப் பக்கம் போனான். எந்தப் பேருந்தில் ஏறினான் என்று நாங்கள் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு லோகநாதனுக்குச் சந்துக்குள் போக முடியவில்லை. நண்பனுக்கு நோயைக் கொடுத்தவன் என்று பெயர். இப்போது வள்ளூரில் ஒரு லாரி பட்டறையில் கிரீஸ் அடிக்கிறார், அங்கேயே படுக்கிறார். மாத்திரையை விட்டுவிட்டாராம். குடியைப் பற்றி நான் கேட்கவில்லை. அவருடைய மூன்று மாதத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. அவருக்கும் இருக்கிறது என்று அப்போது வந்தால் யாரிடமிருந்து யாருக்கு என்பதை எந்தப் பதிவும் சொல்லாது. எங்கள் அறிக்கை முடிந்துவிட்டது. "இரண்டு பதிவுகள் விலக்கப்பட்டன" என்று ஒரு வரி இருக்கிறது.

தினமும் மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவர் எனக்குப் போன் செய்கிறார். சுற்றி வளைப்பதில்லை.

"ஷாலு வந்துச்சா தம்பி?"

நான் அவளைப் பார்த்தேன். அன்பரசன் எங்களை விட்டுப் போன நான்காம் நாள், வேறொருவரை அழைத்துக்கொண்டு மையத்துக்குப் போயிருந்தபோது. மஞ்சள் நைட்டி மேல் துப்பட்டா போட்டுக்கொண்டு, வயிற்றில் கை வைத்து, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்பரசன் அவளுக்குப் பின்னால் நின்றிருந்தான். என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆலோசகர் அவள் பெயரைக் கூப்பிட்டார். அவள் எழுந்துகொள்ள அவன் கை கொடுத்தான். கதவு மூடியது. உள்ளே என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது.

அவள் மையத்துக்கு வந்தாள் என்பதைக்கூட நான் யாரிடமும் சொல்லக் கூடாது.

"தெரியாதுண்ணே" என்கிறேன்.

அந்தப் பக்கம் பட்டறையில் இரும்பு அடிக்கும் சத்தம் கேட்கிறது.

"செரி தம்பி," என்கிறார். "நாளைக்குக் கேக்கறேன்."